கடலை இடப்பக்கம் வரைந்தவள்

எங்கள் வகுப்பு எடுத்த வீடியோக்களைப் பார்க்கிற யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். ஒன்பதாம் வகுப்பு முழுவதும் இடக்கைக்காரப் பிள்ளைகளாகவே சேர்த்துவிட்டார்களா? எல்லோரும் இடக்கையில்தான் சாக்பீஸ் பிடித்திருப்பார்கள். பையன்களின் சட்டைப் பை வலது மார்பில் இருக்கும். சுவர்க் கடிகாரத்தின் முள் பின்னால் போகும். கரும்பலகையில் இருக்கும் எழுத்து மட்டும் நேராக, யாரும் படிக்கும்படி இருக்கும்.

அந்த எழுத்தை முதலில் எழுதியவள் ஒரு பெண். அவளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது அந்த அரசுப் பள்ளி. நான் அங்கே தற்காலிக ஆசிரியை. சமூக அறிவியல். செங்கல்பட்டில் வீடு, திருக்கழுக்குன்றம் வழியாக தினமும் பஸ். பி.எட். முடித்த கையோடு வந்தவள் என்பதால் தலைக்குள் ஆயிரம் யோசனை. பஸ்ஸில் ஒன்று தோன்றினால் முதல் பீரியடிலேயே செய்து பார்த்துவிட வேண்டும். நாளைக்கு என்று எதையும் எடுத்துவைக்கத் தெரியாது. ஆசிரியர் அறையில் என்னை "எக்ஸ்பிரஸ்" என்று கூப்பிட்டார்கள். சில நாள் அன்பாக, சில நாள் வேறு மாதிரி.

பாடத்தைப் பிள்ளைகளே பேசி வீடியோ எடுத்தால் என்ன என்று தோன்றியதும் அப்படியொரு பஸ் பயணத்தில்தான். படூரில் அறை எடுத்துத் தங்கி ஐ.டி. வேலைக்குப் போகிற என் அண்ணன், புதுப் போன் வாங்கியதும் பழையதை என்னிடம் தள்ளிவிட்டிருந்தான். ஓடுகிற பைக்கிலிருந்து விழுந்து அதன் பின்பக்க கேமரா நொறுங்கிப் போயிருந்தது. முன்பக்கம், செல்ஃபி எடுக்கிற கேமரா, நன்றாக இருந்தது. எனக்கு அது போதும் என்று தோன்றியது.

மேசைமேல் அட்லஸ் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் ஒரு டிபன் பாக்ஸ் வைத்து, அதில் போனைச் சாய்த்து வைப்போம். யார் பேசுகிறார்களோ அவர்களே பட்டனை அழுத்திவிட்டு, பலகைக்கு நடந்து போய்ப் பேசி, திரும்பி வந்து அவர்களே நிறுத்த வேண்டும். அது நான் போட்ட விதி. வேறு யாரோ தங்களைப் படம் பிடிக்கிறார்கள் என்ற கூச்சம் அப்போதுதான் போகும் என்று நினைத்தேன். அதனால் எங்கள் வீடியோ ஒவ்வொன்றும் முதலில் ஒரு முதுகில் தொடங்கும். கடைசியில் ஒரு முகம் பெரிதாகிக்கொண்டே வந்து திரையை நிறைத்து முடியும். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து அந்த முதுகையும் முகத்தையும் வெட்டி எறிந்துவிட்டு மற்றதை ஒட்டுவேன்.

முதல் வீடியோவை வகுப்பில் போட்டுக் காட்டியபோது வகுப்பு குலுங்கிச் சிரித்தது. பலகையில் எழுதியிருந்ததெல்லாம் இடவலமாகத் திரும்பியிருந்தது. அந்தப் போன் கண்ணாடி காட்டுவதைப் போலத்தான் பதிவு செய்யும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. போட்டோவைத் திருப்ப அதில் வசதி இருந்தது, வீடியோவுக்கு இல்லை. என்ன செய்வது என்று புரியாமல் அன்று பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை பிரேயருக்கு முன்னால் வகுப்புக்குள் நுழைந்தால் பலகை நிறைய ஏதோ கிறுக்கல். அதன் பக்கத்தில் கையெல்லாம் சாக்பீஸ் தூளுடன் அவள் நின்றிருந்தாள். ஒல்லியான பெண். காலனித் தெருவிலிருந்து வருகிறவள். அம்மாவுக்கு அணுமின் நிலைய ஊழியர்களின் அணுபுரம் குடியிருப்பில் ஒப்பந்தத்தில் துப்புரவு வேலை. இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, மிளகு அளவில் ஒரு மச்சம்.

எங்கள் வகுப்பில் வீடியோ வேலை எல்லாவற்றுக்கும் தன்னைத்தானே டைரக்டராக நியமித்துக்கொண்ட ஒரு பையன் உண்டு. குப்பத்துப் பையன், அப்பாவுக்குப் படகு. அவன் பலகையைப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, தெலுங்கா?" என்றான்.

"மூடிகினு போன வெச்சுப் பாருடா. அப்பால பேசு."

போனை வைத்தோம். திரையில், "நிலத்தடி நீர்" என்று அழகாக, நேராக இருந்தது.

"வூட்ல பீரோ கண்ணாடி முன்னாடி உக்காந்து எழுதி எழுதிப் பாத்தேன் மிஸ்," என்றாள். "வலது பக்கத்துலேர்ந்து ஆரமிக்கணும். மொதல்ல பேஜாராத்தான் கீது. அப்புறம் கை பழகிடுது. 'ப' மட்டும் நல்ல புள்ள மிஸ். எந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தாலும் அதே மாதிரி நிக்குது."

அதற்குப் பிறகு அது எங்கள் வகுப்பின் வழக்கம் ஆனது. கண்ணாடி எழுத்து என்று பெயர் வைத்தார்கள். அவள் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தாள். தப்பாக எழுதினால் டஸ்டரால் கையில் ஒன்று வைப்பாள். ஒரு மாதத்தில் வகுப்பே அதில் எழுதவும் படிக்கவும் தேறிவிட்டது. மற்ற வகுப்புக்குத் தெரியாமல் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொள்ள வசதியாகவும் ஆகிவிட்டது. என்னைப் பற்றியும் மூலையில் எழுதி வைத்திருப்பார்கள். எனக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியம். உண்மையிலேயே தெரியாது. அவர்கள் அளவுக்கு எனக்கு அது வரவேயில்லை.

வீடியோ வெட்டுகிற செயலியிலேயே திருப்புகிற பட்டன் ஒன்று இருப்பதை நான் கொஞ்ச நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். ஒரே அழுத்தில் எல்லாம் நேராகிவிடும். துள்ளிக்கொண்டு போய் வகுப்பில் சொன்னேன். யாரும் துள்ளவில்லை.

"அப்ப நாங்க கத்துகினது வேஸ்டா மிஸ்?" என்றாள் அவள்.

"அந்த பட்டன நீங்க பாக்கவே இல்லன்னு வெச்சுக்கங்க மிஸ்," என்றான் டைரக்டர்.

சரி என்று விட்டுவிட்டேன். அதனால்தான் இடக்கைக்காரர்கள், அதனால்தான் பின்னால் போகிற கடிகாரம். எங்கள் கடைசி வீடியோ வரை அப்படித்தான்.

கடைசி வீடியோ எங்கள் கடற்கரையைப் பற்றியது. மழை எங்கிருந்து வருகிறது, பாலாறு எங்கே கடலில் சேர்கிறது, பக்கிங்காம் கால்வாய் ஏன் கடலை ஒட்டியே ஓடுகிறது என்று அவள் பேச வேண்டும். பின்னால் பலகையில் படம். எழுத்தைத் திருப்பி எழுதினால் படத்தையும் திருப்பித்தானே வரைய வேண்டும்? அவள் கடலை இடப்பக்கம் வரைந்தாள். எங்கள் ஊரில் பிறந்த பிள்ளை கடலை மேற்கே வரைவதென்றால் கை ஒப்பாது. இரண்டு முறை அவளே மறந்து வலப்பக்கம் வரைந்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு அழித்தாள்.

"எங்கப்பன் இத்தப் பாத்தா படக எங்க தள்றதுன்னு தெரியாம நின்னுகினு இருப்பாரு," என்றான் டைரக்டர்.

"உங்கப்பா வலையும் சேத்து அந்தப் பக்கம் போட்டுடு," என்றாள். சிரித்து முடிக்கத்தான் நேரம் பிடித்தது. பேச்சை ஒரே தடவையில் முடித்துவிட்டாள்.

அது மழைக்காலத்தின் தொடக்கம். அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வகுப்பில் பலருக்கு வந்துகொண்டிருந்த காய்ச்சல்தான். மற்றவர்களுக்குப் போனது, அவளுக்குப் போகவில்லை. ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துகொண்டே போகின்றன என்று செங்கல்பட்டில் சேர்த்தார்கள். என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ஒரு சாயங்காலம் போய்ப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா எழுந்து, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். "முழிச்சுகினா சொல்றேன் டீச்சர், நீங்க வந்தீங்கன்னு," என்றார்.

சொன்னாரா என்று நான் பிறகு கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து, பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டும்போது டைரக்டர் போன் செய்தான். அவன் அழவில்லை. "மிஸ், நீங்க வந்துகினு கீறீங்களா?" என்று மட்டும் கேட்டான். எனக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் பக்கம் ஒரு சாவு என்றால், உடல் வீடு வந்து சேர்வதற்கு முன்பே தெருமுனையில் பேனர் வந்துவிடும். கண்ணீர் அஞ்சலி என்று மேலே, இரண்டு பக்கமும் புறா, நடுவில் முகம். தெருப் பையன்கள்தான் செய்வார்கள். யாரும் சொல்லவே வேண்டாம். அவளுக்கும் செய்தார்கள். ஆனால் அவளுக்குப் போட்டோ இல்லை. ஆதாரில் இருப்பது சின்னக் குழந்தை. சர்ச்சில் எடுத்ததில் பாதி முகத்தை யாரோ மறைத்திருந்தார்கள். யாரோ எங்கள் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட வீடியோவை ஓடவிட்டு, அவள் சிரிக்கிற இடத்தில் நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். மிக நல்ல படம். கண்ணில் அவ்வளவு வெளிச்சம்.

நான் போய்ச் சேர்ந்தபோது டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் பேனரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் யூனிஃபார்மோடு ஓரமாக நின்றிருந்தார்கள். வண்டி தெருவுக்குள் திரும்பி நின்றது. முதலில் அவள் அம்மா இறங்கினார். இறங்கியவர் நிமிர்ந்து பேனரைப் பார்த்தார். அழுதுகொண்டு வந்தவரின் அழுகை அப்படியே நின்றது.

"இது யாரு?" என்றார்.

பேனரைக் கட்டிக்கொண்டிருந்த பையன் திரும்பிப் பார்த்தான்.

"இது யாருடா? எம் பொண்ணுக்கு மச்சம் இந்தப் பக்கம் கீது." தன் இடது கன்னத்தைத் தட்டினார். "இதுக்கு அந்தப் பக்கம் வெச்சிருக்கீங்க. எம் பொண்ணு மூஞ்சி இல்ல இது. யார் மூஞ்சிய எடுத்தாந்து கட்டினு கீறீங்க?"

பக்கத்து வீட்டு அம்மா அவரைத் தோளில் பிடித்துக்கொண்டார். "உள்ள வாக்கா, வாக்கா," என்று இழுத்துக்கொண்டே எங்கள் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "ஏசப்பா, இதுக்குப் புத்தி கலங்கிப் போச்சே," என்றார். சுற்றி நின்றவர்கள் தலையசைத்தார்கள். பெற்ற பிள்ளையின் முகமே தெரியாமல் போகிற அளவுக்குத் துக்கம் என்று பேசிக்கொண்டார்கள்.

அவள் அம்மா சொன்னதுதான் சரி என்று அந்தத் தெருவில் தெரிந்தது எங்கள் வகுப்புக்கு மட்டும். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். கண்ணாடி, செல்ஃபி கேமரா, திருப்புகிற பட்டன் என்று அந்த இடத்தில் நின்று எதைச் சொல்வது? வண்டியின் பின்கதவைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

இன்னொன்றும் நடந்தது. அவர் கன்னத்தைத் தட்டியபோது எந்தப் பக்கம் சரி என்று எனக்கே சட்டென்று தெரியவில்லை. தினமும் வகுப்பில் நேரில் பார்த்த முகம். ஆனால் எத்தனையோ ராத்திரிகள் திரையில் பார்த்து வெட்டி ஒட்டியது அந்த இன்னொரு முகத்தை. எனக்குள் பதிந்திருந்ததும் பேனரில் இருந்த முகம்தான். அவளைக் கிடத்தியபின் அருகில் போய்ப் பார்த்துத்தான் உறுதி செய்துகொண்டேன். இடது கன்னம்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது டைரக்டர் பக்கத்தில் வந்து நடந்தான். "நாங்கதான் மிஸ் குடுத்தோம் அந்தப் படத்த. எங்களுக்கு அது தப்பாவே தெரில. நாங்க அத்தயே பாத்துப் பாத்து..."

"எனக்கும்தான்," என்றேன்.

பையன்கள் படத்தைத் திருப்பி வேறு பேனர் அடித்து அன்று ராத்திரியே மாற்றிக் கட்டினார்கள். ஆனால் ஊர் பேசியது நின்றபாடில்லை. துக்கம் கேட்க வருகிறவர்களிடம் அந்த அம்மா மச்சத்தைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தாராம். முதலில் கட்டினது என் மகள் இல்லை, மாற்றிவிட்டார்கள் என்று. கேட்டவர்கள் ஆமாம் ஆமாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து உச்சுக் கொட்டினார்கள். அவர் வேலைக்குத் திரும்பியபோது ஷேர் ஆட்டோவில் கூட வருகிறவர்கள்கூட அந்தப் பேச்சை எடுத்ததும் வேறு பேச்சுக்கு மாறினார்களாம். இதையெல்லாம் பிள்ளைகள் வந்து சொல்லச் சொல்ல எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுத்த சனிக்கிழமை போனை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

ஓர் அறையும் சமையல் இடமும்தான். சுவரோடு இரும்புப் பீரோ. அதன் கதவில் நீளமான கண்ணாடி. கண்ணாடியின் கீழ் மூலையில் சாக்பீஸால் எழுதி அழித்த வெள்ளைத் தடம் இன்னும் இருந்தது.

"உக்காருங்க டீச்சர்," என்றார் அவள் அம்மா. "எனக்குப் புத்தி நல்லாதான் கீது. ஊருதான் சொல்லினு திரியுது."

"தெரியும்மா. நீங்க சொன்னதுதான் சரி. அத சொல்லத்தான் வந்தேன்."

போனில் அந்தப் படத்தைத் திறந்தேன். அதே படம், திருப்பாதது. அவர் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். நான் எதுவும் விளக்கவில்லை. போனின் திரையைப் பீரோ கண்ணாடிக்கு நேராகப் பிடித்து, "இப்ப கண்ணாடிக்குள்ள பாருங்க," என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடிக்குள் அவர் முகம். அதன் பக்கத்தில் சின்னதாக அவர் மகளின் முகம். அவர் கை மெதுவாக எழுந்து தன் இடது கன்னத்துக்குப் போனது. கண்ணாடிக்குள் மகளின் மச்சம், அவள் நேரில் எதிரே நின்றால் தெரிகிற பக்கத்திலேயே, இடது கன்னத்தில் இருந்தது.

"வந்துடுச்சு," என்றார். "இதான். இதான் டீச்சர் எம் பொண்ணு."

அவர் அழுது முடிக்கும்வரை கண்ணாடிக்கு முன்னால் போனைப் பிடித்துக்கொண்டே நின்றேன். கை வலித்தது. இறக்க மனம் வரவில்லை.

பிறகு கேட்டார். "அது பேசுறதும் கீதாமே? புள்ளைங்க சொல்லிச்சுங்க."

கடற்கரை வீடியோவைத்தான் சொன்னார். அங்கேயே உட்கார்ந்து, செயலியைத் திறந்து, நாங்கள் பார்க்கவே இல்லை என்று வைத்துக்கொண்ட அந்தப் பட்டனை முதன்முதலாக அழுத்தினேன். மச்சம் சரியானது. அவள் வலக்கைக்காரி ஆனாள். கடிகாரம் முன்னால் நடந்தது. பின்னால் இருந்த எழுத்தெல்லாம் திரும்பிக்கொண்டது. கடல் மேற்கே போய்விட்டது. யோசித்துப் பார்த்தால் அன்று வகுப்பில் உண்மையாக இருந்தது இதுதான். பலகையில் அவள் வரைந்தது அப்படித்தான்.

"எழுத்தும் படமும் தப்பா தெரியும்மா," என்றேன். "கடல் அந்தப் பக்கம் போயிடுச்சு."

"கடலு எங்கன்னா இருக்கட்டும்," என்றார், கண்ணை எடுக்காமல். "எம் பொண்ணு சரியா கீது."

வீடியோ முடிந்ததும், "அவ்ளோதானா?" என்றார். கடைசியில் அவள் போனை நோக்கி வருகிற பகுதியை வழக்கம்போல வெட்டியிருந்தேன் என்று சொன்னேன். வெட்டாதது இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. "அத்தயும் சேத்துடுங்க டீச்சர். அது நடந்து வரத நான் பாக்கணும்."

பிப்ரவரியில் பள்ளி ஆண்டு விழா வந்தது. பிள்ளைகளின் வீடியோக்களைச் சுவரில் போட்டுக் காட்டலாம் என்று தலைமை ஆசிரியர் முன்பே சொல்லியிருந்தார். கடற்கரை வீடியோ கட்டாயம் இருக்க வேண்டும் என்றும் அவரே சொன்னார். அந்த அம்மாவை நேரில் போய் அழைத்ததும் அவர்தான். நல்ல மனிதர். ஆனால் நான் திருப்பியதைப் போட்டுக் காட்டியதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார்.

"ஏம்மா, மாவட்டத்துலேர்ந்து அதிகாரி வர்றாரு. வங்காள விரிகுடாவைத் தூக்கி மேற்குல வெச்சுக் காட்டச் சொல்றியா? நீ சமூக அறிவியல் டீச்சர்மா. முதல்ல எடுத்தது எல்லாம் நேரா இருக்கே, அதையே போடு."

"அதைப் போட்டா மச்சம் மாறிடும் சார். அவங்க அம்மா முன்வரிசையில இருப்பாங்க. அந்தத் தெருவே இருக்கும். அவங்க எழுந்து இது என் பொண்ணு இல்லன்னு மறுபடி சொன்னா, ஊர் மறுபடி என்ன சொல்லும்?"

அவருக்குப் புரிந்தது. ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார். "எழுத்து தெரியாத இடமா வெட்டிப் போட முடியாதா? முகம் மட்டும்?"

"பலகை முன்னாலதான் சார் முழுக்க நிக்கிறா. அந்த எழுத்தும் அவளோடதுதான்."

கதவோரம் சத்தம் கேட்டது. டைரக்டரும் இன்னும் நாலைந்து பேரும். ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"சார், நாங்க படிச்சுக் காட்றோம் சார்," என்றான் அவன்.

"என்னத்தடா?"

"திரும்பின எழுத்த. எங்க கிளாஸ் மொத்தத்துக்கும் தெரியும் சார். அவதான் கத்துக் குடுத்தா. அவ கை வெக்கிற எடத்த எல்லாம் நாங்க ஒண்ணா சத்தமா படிக்கிறோம். கடலையும் சொல்லிட்றோம்."

தலைமை ஆசிரியர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "அதிகாரி கேட்டா நான் என்ன சொல்றது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு, "போங்க. ஒத்திகை பாருங்க," என்றார்.

விழா அன்று இருட்டியதும் மைதானத்து விளக்குகளை அணைத்தார்கள். சுண்ணாம்பு அடித்த நூலகச் சுவர்தான் திரை. முன்வரிசையில் அவள் அம்மா, வெளிர்நீலச் சேலையில். பக்கத்தில் அந்தப் பக்கத்து வீட்டு அம்மா, எதற்கும் தயாராக, அவர் கையைப் பிடித்தபடி. நான் லேப்டாப்புக்குப் பின்னால் நின்றிருந்தேன். என் வகுப்பு சுவரின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றிருந்தது.

முதலில் அவள் முதுகு தெரிந்தது. நடந்து போய்த் திரும்பினாள். அவள் முகம் அவ்வளவு பெரிதாகச் சுவரில் வந்ததும் கூட்டம் அமைதியானது. பின்னால் பலகையில் யாருக்கும் புரியாத எழுத்து, கோணல் மாணலாக ஒரு கரை. இருட்டில் ஒரு குரல் வந்தது, குப்பத்து ஆட்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து. "இன்னாபா, கடலு கேரளா பக்கம் பூடுச்சா?"

சிரிப்பு எழுந்தது. கெட்ட சிரிப்பு இல்லை.

சுவரில் அவள் கையை நீட்டி முதல் எழுத்தைத் தொட்டாள். என் வகுப்பு ஒரே குரலில் படித்தது. "வங்காள விரிகுடா."

சிரிப்பு நின்றது. அவள் கை கீழே நகர்ந்தது. "மாமல்லபுரம்," என்றார்கள். "சதுரங்கப்பட்டினம்." அவள் பேச்சு, இவர்கள் வாசிப்பு, மறுபடி அவள் பேச்சு. காற்று கடலிலிருந்து வருகிறது என்று அவள் சொன்னபோது, டைரக்டர் தனியாக, ஒத்திகையில் இல்லாததை, உரக்கச் சொன்னான். "கடல் கிழக்குலதான் கீது. அவ எங்களுக்காகத் திருப்பி வரைஞ்சா." பிறகு "பக்கிங்காம் கால்வாய்" வந்தது. "பாலாறு" வந்தபோது குரல் குறைந்துவிட்டது. அவள் பக்கத்தில் உட்காருகிற பெண் துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு திரும்பி நின்றுவிட்டாள். மற்றவர்கள் அந்தச் சொல்லை எப்படியோ இழுத்து முடித்தார்கள்.

நான் அவள் அம்மாவைப் பார்த்தேன். அவர் எழுத்தையும் பார்க்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை.

பேச்சு முடிந்தது. எப்போதும் நான் வெட்டுகிற இடம் வந்தது. அவள் சாக்பீஸைப் பலகையின் கீழ்ச் சட்டத்தில் வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, போனை நோக்கி நடந்து வந்தாள். முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. சுவரின் பாதி, முக்கால், பிறகு முழுச் சுவர். கண்ணுக்குக் கீழே மச்சம். விரலை நீட்டியவள் ஒரு கணம் நின்று, கேமராவுக்கு அந்தப் பக்கம் பார்த்து, "நிறுத்திடட்டா மிஸ்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி அதில் இருப்பது எனக்குத் தெரியும். எத்தனையோ தடவை கேட்டிருந்தேன். இருந்தும், பதிலாக என் குரல், அன்றைய அவசரத்தோடு, அடுத்த பீரியடுக்கு மணி அடிக்கப் போகிற குரலில், மைதானம் முழுக்கக் கேட்டபோது லேப்டாப்புக்குப் பின்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"ம், நிறுத்து நிறுத்து."

விரல் வந்து மறைத்தது. சுவர் வெறும் சுவரானது. யாரும் விளக்கைப் போடவில்லை; போடச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை.

அந்த அமைதியில் முன்வரிசையிலிருந்து அவள் அம்மாவின் குரல் கேட்டது. உரக்கச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவிடம்தான் சொன்னார்.

"பாத்தியா. எந்தப் பக்கம் கீது, பாத்தியா?"

"பாத்தேன்க்கா," என்றார் பக்கத்து வீட்டு அம்மா. "இந்தப் பக்கம்தான்க்கா. நீ சொன்ன பக்கம்தான்."